காண்ட்ராக்டரை அனுப்புவதற்கு முன்னால்

"இந்தக் காண்ட்ராக்டர் சரிப்பட்டு வரமாட்டார். இவரை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். என்ன செலவாகும் என்று ஒரு கணக்குப் போட்டுத் தாருங்கள்." நான் குவான்டிட்டி சர்வேயர். கட்டுமான வேலையை அளந்து, பில்லைச் சரிபார்த்து, மிச்சம் எவ்வளவு என்று சொல்வது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் கணிசமானவர்கள் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். கேட்கும்போதே அவர்கள் மனதில் ஒரு விடையும் இருக்கும். ஒப்பந்தத் தொகையில் இதுவரை கொடுத்ததைக் கழித்தால் மிச்சம் இவ்வளவு, அந்த மிச்சத்துக்குப் புதியவர் முடித்துக் கொடுத்துவிடுவார், கொஞ்சம் கூடினாலும் பழையவர் பிணையாகக் கொடுத்திருக்கும் பேங்க் கேரண்டியை எடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று.

அந்தக் கணக்கு பொய்த்துப்போவதைத்தான் நான் வருஷக்கணக்கில் பார்த்துவருகிறேன். ஒப்பந்தத்தை ஒரு தேதி போட்டு முடித்துவிடலாம். வேலையை அப்படி முடிக்க முடியாது. தோண்டிய பள்ளம், முட்டுக் கொடுத்து நிற்கிற தளம், வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி எல்லாம் மறுநாள் காலையிலும் அங்கேயே இருக்கும். ஒவ்வொன்றையும் யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடிதத்தை எப்படி எழுதுவது என்று வக்கீலிடம் கேட்கிறார்கள். மறுநாள் காலையில் சைட்டில் என்ன நடக்கும் என்று யாரிடமும் கேட்பதில்லை. எனக்கு இதில் ரொம்ப நாளாகவே ஆற்றாமை உண்டு, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் போன ஒரு சைட்டைச் சொல்கிறேன். இரண்டு பேஸ்மென்ட் கொண்ட கட்டடம். நிலத்தடி நீர்மட்டம் மேலேயே இருக்கிற இடம் என்பதால் சுற்றிலும் குழாய்க்கிணறு போட்டு இரவு பகலாகப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் ராஃப்ட், அதாவது கட்டடம் முழுதுக்குமான கான்கிரீட் அஸ்திவாரப் பலகை, போட்டாயிற்று. சுவர்கள் பாதி உயரம் வந்திருந்தன. மேலே ஒரு தளம்கூட இல்லை. காண்ட்ராக்டர் மாதக்கணக்கில் பின்தங்கியிருந்தார், உரிமையாளர் தரப்புக்குக் கோபம் நியாயமானதுதான். ஒப்பந்தத்தை முடிக்கிற டெர்மினேஷன் கடிதத்தைக் கொடுத்த அன்று மாலையே கேட்டைப் பூட்டிக் காவலுக்கு ஆள் போட்டுவிட்டார்கள். காண்ட்ராக்டரின் ஆள் யாரும் உள்ளே போகக் கூடாது, பொருள் எதுவும் வெளியே போகக் கூடாது.

நான் அளவெடுக்கப் போனபோது பம்ப் ஆபரேட்டர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மற்ற ஆட்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள், இவர் மட்டும் போகவில்லை. "மேடம், டீசல் இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான் வரும். யார் வந்து ஊத்துவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. என் சம்பளத்தை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல பம்ப் நிக்கக் கூடாது" என்றார்.

அவர் சொன்னதன் கனம் புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். ராஃப்ட்டின் அடிமட்டத்துக்கு மேல் 5 மீட்டர் உயரத்துக்கு நீர்மட்டம் ஏறினால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் 5 டன் விசை கீழிருந்து மேலே தள்ளும். ஒரு மீட்டர் கனத்தில் போட்ட கான்கிரீட் ராஃப்ட், சதுர மீட்டருக்கு 2.5 டன் எடைதான். மீதி எடையை மேலே வரப்போகிற சுவரும் தூணும் தளங்களும் கொடுக்க வேண்டும். அவை வருவதற்கு முன்னால் பம்ப் நின்றால் ராஃப்ட் மிதக்கப் பார்க்கும். முழுசாக எழும்ப வேண்டியதில்லை. ஓர் ஓரம் சில சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டாலே கான்கிரீட்டில் வெடிப்பு விழும், கீழே விரித்த வாட்டர்ப்ரூஃபிங் கிழியும். அதைச் சரிசெய்ய நல்ல வழி என்று ஒன்று கிடையாது. வேறு வழியே இல்லாதபோது தண்ணீரைத் தடுக்காமல் உள்ளேயே விட்டு நிரப்புவார்கள். உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாகிவிட்டால் தூக்காது. கட்டடம் தப்பும், ஆனால் பிறகு தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, கம்பியைக் கழுவி, மறுபடி தொடங்க வேண்டும்.

அன்று சாயந்திரமே உரிமையாளரிடம் பேசி டீசலுக்கு ஏற்பாடு செய்தோம். அந்த ஆபரேட்டரை அவர்களே தினக்கூலிக்கு எடுத்துக்கொண்டார்கள். பம்புகள் காண்ட்ராக்டருடையவை. அவற்றை வாடகைக்கு விட்டுவைக்கச் சொல்லி, முந்தின நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்திய அதே மனிதரிடம் போய்ப் பேச வேண்டியிருந்தது. பம்ப் இருப்பதும் அது யாருடையது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கடிதம் எழுதுகிற மேசையில் மட்டும் யாரும் அதை எடுக்கவில்லை.

பம்ப் ஒன்றுதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். சென்டரிங் முட்டுகளைப் பாருங்கள். கான்கிரீட் போட்ட தளமும் பீமும் தன் கனத்தைத் தானே தாங்குகிற பலத்துக்கு வர நாளாகும். தூண்களுக்கு நடுவே நீளமான இடைவெளியைத் தாண்டுகிற பெரிய ஸ்பான் பீம் என்றால் வாரக்கணக்கில் முட்டு நிற்க வேண்டும். அந்த முட்டும் பலகையும் காண்ட்ராக்டர் வாடகைக்கு எடுத்தவையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வேலை நின்ற செய்தி காதில் விழுந்ததும் வாடகைக்காரர் லாரியோடு வந்து நிற்பார். அவர் பயம் அவருக்கு, பொருள் முடங்கிவிட்டால் அவர் பிழைப்பு போகும். வந்தவர் எந்தத் தளம் எப்போது போட்டது என்று கேட்டுக்கொண்டா முட்டுகளைப் பிரிப்பார்? இந்த ஒரு விஷயத்துக்காகவே, கடிதம் போவதற்கு முன்னால் எந்தப் பகுதி எந்தத் தேதியில் போட்டது என்று எழுதி, முட்டிலேயே சாயத்தால் குறி போடச் சொல்வேன். அந்த முட்டுகளின் வாடகையை அன்றிலிருந்து உரிமையாளர் ஏற்றுக்கொள்ள வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், இதில் பேரம் கிடையாது.

அப்புறம் கம்பி. தூண்களின் தலையில் அடுத்த மாடிக்காக விட்ட கம்பிகள் மழையிலும் வெயிலிலும் நிற்கும். மேலாகப் படிகிற துருவினால் பெரிய கெடுதல் இல்லை, பிரஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும். மாதக்கணக்கில் நின்று, செதில் செதிலாக உரிய ஆரம்பித்தால்தான் கம்பியே மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. ஒரு துண்டு வெட்டி, துருவைச் சுத்தமாக எடுத்துவிட்டு நிறுத்துப் பார்க்க வேண்டும். 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ இருக்க வேண்டும், 20 மி.மீ. என்றால் 2.47 கிலோ. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பலம் போயிருக்கிறது. கடிதம் கொடுத்த வாரத்திலேயே கம்பிகளுக்கு சிமென்ட் பால் பூசியோ உறை போட்டோ வைத்திருந்தால் ஆகிற செலவு மிகச் சின்னது. பின்னால் துளை போட்டுக் கெமிக்கல் ஊற்றிப் புதுக் கம்பி நடுகிற செலவோடு அதை ஒப்பிடவே முடியாது. போஸ்ட் டென்ஷனிங் செய்த தளமாக, அதாவது கான்கிரீட்டுக்குள் எஃகு வடங்களை இழுத்துக் கட்டிய தளமாக இருந்தால் இன்னும் அவசரம். அந்த வடங்கள் (ஸ்ட்ராண்டுகள்) குழாய்க்குள் இருக்கின்றன, குழாயை அடைக்கிற சிமென்ட் கலவையான கிரவுட் போடவில்லை என்றால், உள்ளே ஈரம் புகுந்து அரிப்பது வெளியிலிருந்து தெரியவே தெரியாது.

பள்ளத்தின் ஓரத்தைத் தாங்குகிற ஷோரிங்கும் அப்படித்தான். அது தற்காலிகமாக நிற்பதற்கென்று டிசைன் செய்தது. பேஸ்மென்ட் சுவரும் தளமும் வந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. வேலை வருஷக்கணக்கில் நின்றால் பக்கத்துக் கட்டடத்துக்கும் சாலைக்கும் ஆபத்து. அமெரிக்காவில் சூப்பர்கண்டக்டிங் சூப்பர் கொலைடர் என்ற பெரிய துகள் முடுக்கித் திட்டத்தை 1993 அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் கைவிட்டபோது, டெக்சஸில் 23 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் தோண்டியாகிவிட்டது, சுமார் 200 கோடி டாலர் செலவாகியிருந்தது. கைவிட்டுவிட்டோம் என்று சொல்லிவிட்டு நடந்துபோக முடியவில்லை. மூடுவதற்கென்று தனியாக நிதி, தனியாக ஆட்கள், தனியாக வேலைத்திட்டம் எல்லாம் வேண்டியிருந்தது. நிறுத்துவதும் ஒரு வேலைதான், அதற்கும் பட்ஜெட் உண்டு.

இன்சூரன்ஸையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கட்டுகிற வேலைக்கு வரும் சேதத்துக்கான காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசியைக் காண்ட்ராக்டர் எடுத்திருப்பார். அவர் வெளியே போனதும் அந்தப் பாலிசி தொடரும் என்று எதை வைத்து நம்புகிறோம்? வேலை நின்றுபோனதால் வருகிற சேதத்துக்குப் பணம் கிடையாது என்று இந்தப் பாலிசிகளில் பரவலாகவே எழுதியிருக்கும். ஆக, சைட் மிக அதிகமாக ஆபத்தில் இருக்கிற வாரத்தில்தான் அதற்கு இன்சூரன்ஸ் இல்லாமல் போகிறது. கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பேசி, உரிமையாளர் பெயரில் எழுத்துமூலமாக வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

இனி சட்டப் பக்கம். நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த வழக்குகளுக்கு அளவுக் கணக்கு கொடுத்துக் கொடுத்து சில விஷயங்கள் பழகிவிட்டன. முதலாவது, தப்பான முறையில் முடித்தால் முடித்தவரே ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிவிடுவார். காண்ட்ராக்டர் எவ்வளவு மோசமாக வேலை செய்திருந்தாலும், நோட்டீஸில் நாள் குறைந்திருந்தால், தப்பான பிரிவைச் சொல்லியிருந்தால், சரிசெய்ய வாய்ப்பே தராமல் இருந்தால், மொத்த வழக்கும் தலைகீழாகத் திரும்பும். பாக்கி வேலையில் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தைக் கொடு என்று அவர் கேட்பார், கிடைக்கவும் செய்யும்.

பல நாடுகளில் பெரிய வேலைகளுக்குப் பயன்படுத்துகிற ஃபிடிக் ஒப்பந்தப் படிவத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அதன் 15-ஆவது பிரிவு உரிமையாளர் முடிப்பதைப் பற்றியது, 16-ஆவது பிரிவு காண்ட்ராக்டர் தரப்பைப் பற்றியது. 2017 பதிப்பின்படி பெரும்பாலான தவறுகளுக்கு முதலில் ஒரு நோட்டீஸ் தர வேண்டும், 14 நாளில் சரிசெய்யாவிட்டால்தான் முடிக்கிற இரண்டாவது நோட்டீஸ். காண்ட்ராக்டர் மேல் தப்பு எதுவும் இல்லாமலேயே, தன் சௌகரியத்துக்காக உரிமையாளர் முடித்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. ஆனால் 1999 பதிப்பில் அப்படி முடித்துவிட்டு அதே வேலையை வேறொருவரை வைத்துச் செய்யக் கூடாது என்றே இருந்தது. 2017-இல் அது மாறி, பழையவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து முடிக்கும்வரை இன்னொருவரை வைக்கக் கூடாது என்றானது. சேர வேண்டியதில் அவருடைய இழந்த லாபமும் அடக்கம். "எங்கள் சௌகரியத்துக்கு முடித்துக்கொள்கிறோம்" என்பது காதுக்கு எளிதாக இருக்கிறது, கணக்கில் அது விலை கூடின வழி.

அதே ஃபிடிக்கில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. தப்புக்காக வெளியேற்றப்படுகிற காண்ட்ராக்டரும்கூட, உயிர், உடைமை, கட்டிய வேலை ஆகியவற்றின் பாதுகாப்புக்காகவும், சப் காண்ட்ராக்டுகளை உரிமையாளர் பெயருக்கு மாற்றித் தருவதற்காகவும் கொடுக்கப்படும் நியாயமான உத்தரவுகளை உடனே நிறைவேற்றத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்கிறது. முட்டுகளையும் பம்பையும் பற்றி மேலே சொன்னேனே, அதற்குப் பிடிமானம் இங்கே இருக்கிறது. ஆனால் உத்தரவு கொடுத்தால்தானே அவர் நிறைவேற்றுவார்? பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்பவரிடம் எந்த உத்தரவைக் கொடுப்பது?

தாமத அபராதம் பற்றியும் கேட்பார்கள். 2021-இல் ட்ரிபிள் பாயின்ட் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: ஒப்பந்தத்தை முடித்த தேதிவரைக்கும் சேர்ந்த அபராதம் செல்லும், வேலை கடைசிவரை முடியாமலே போனாலும் செல்லும். அந்தத் தேதிக்குப் பின் வருகிற நஷ்டத்தை உரிமையாளர் தனியாக நிரூபித்துத்தான் வாங்க வேண்டும். அதாவது, கடிதம் கொடுத்த நாளோடு அபராத மீட்டர் நிற்கிறது, நிரூபிக்கிற பொறுப்பு தொடங்குகிறது. இது ஒரு மென்பொருள் ஒப்பந்தத்தில் வந்த தீர்ப்பு, ஆனாலும் கட்டுமான ஒப்பந்தங்களுக்கும் அதே அளவு பொருந்துகிறது.

காண்ட்ராக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் வரவில்லை என்ற கோபத்தில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1898-இல் வந்த சம்ப்டர் எதிர் ஹெட்ஜஸ் வழக்கு இன்றைக்கும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது. இரண்டு வீடும் லாயமும் 565 பவுனுக்குக் கட்டித் தருவதாகப் பேச்சு. 333 பவுன் அளவுக்கு வேலை செய்தபின் கட்டுநர் கையில் பணம் இல்லாமல் விட்டுவிட்டார். நிலத்துக்காரர் தானே கட்டி முடித்துக்கொண்டார். சுவராக எழும்பிவிட்ட வேலைக்கு, ஏற்கெனவே வாங்கியதற்கு மேல் கட்டுநருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சைட்டில் சும்மா கிடந்து, நிலத்துக்காரர் எடுத்துப் பயன்படுத்திய பொருட்களுக்கு மட்டும்தான் பணம். இன்றைய ஒப்பந்தங்களில் மாத பில், சட்டப் பாதுகாப்பு என்று எவ்வளவோ வந்துவிட்டது. ஆனாலும் நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்திவைப்பது வேறு, விட்டுவிட்டுப் போவது வேறு. ஃபிடிக்கில் நிறுத்திவைக்க 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அந்த 21 நாளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளருக்கும் காண்ட்ராக்டருக்கும் நடக்கிற இந்தச் சண்டையில் அடிபடுகிறவர்கள் வேறு ஆட்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. கம்பி கட்டுகிற குழுவின் தலைவர், ஜன்னலுக்கு அலுமினியம் வெட்டிவைத்தவர், ஜல்லி இறக்கினவர். ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் இருக்காது, டெர்மினேஷன் கடிதத்தின் நகலும் அவர்களுக்குப் போகாது. பட்டறையில் அளவுக்கு வெட்டி அடுக்கிய ஜன்னல் சட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டடத்துக்குத் தவிர உலகத்தில் வேறெந்தக் கட்டடத்துக்கும் பொருந்தாத அளவுகள். சைட்டில் இறக்கவில்லை என்பதால் எந்த பில்லிலும் ஏறவில்லை. அட்வான்ஸ் வாங்கினது போக மீதி முழுவதும் அவர் கைக்காசு. காண்ட்ராக்டருக்குப் பணம் வந்தால்தான் இவருக்கு என்று பேச்சு. காண்ட்ராக்டர் வழக்குப் போட்டு, ஜெயித்து, வாங்கி, பிறகு இவருக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை அவர் பட்டறை இருக்குமா?

பிரிட்டனின் பெரிய கட்டுமான நிறுவனமான கரிலியன் 2018 ஜனவரி 15 அன்று திவாலாகி விழுந்தபோது உலகம் பார்த்தது இதைத்தான். சுமார் 30,000 சப்ளையர்களுக்கும் சப் காண்ட்ராக்டர்களுக்கும் 200 கோடி பவுன் அளவுக்குப் பாக்கி இருந்தது. 120 நாள் கழித்துப் பணம் தருவது என்ற வழக்கத்தில் அவர்களை ஏற்கெனவே வைத்திருந்தார்கள். மேலே ஒரு பெரிய பெயர் விழுந்ததும் அதன் பாரம் முழுக்கக் கீழே இருக்கிறவர்கள் தலையில் இறங்கியது.

கரிலியன் பாதியில் விட்ட ராயல் லிவர்பூல் மருத்துவமனையைப் பற்றிப் படித்தபோதெல்லாம் என் தொழில்தான் நினைவுக்கு வரும். 2017-இல் திறக்க வேண்டியது. கரிலியன் விழுந்தபோது வெளிப்பார்வைக்குக் கட்டடம் ஏறத்தாழ முடிந்த மாதிரிதான் இருந்தது. மிச்சம் கொஞ்சம்தானே, சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். புதியவர்கள் உள்ளே போய்ப் பார்த்தபோது பீம்களில் பலக்குறைவு இருப்பது தெரிந்தது. பூச்சும் கூரையும் முடிந்த தளங்களைப் பிரித்து அவற்றைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. வெளிப்புற உறைப்பூச்சும் தீப்பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தவில்லை, அதையும் மாற்றினார்கள். மருத்துவமனை திறந்தது 2022 அக்டோபரில். அதே நிறுவனம் விட்டுச்சென்ற இன்னொன்று, மிட்லண்ட் மெட்ரோபாலிட்டன் மருத்துவமனை. 2018-இல் திறந்திருக்க வேண்டும், 2024 அக்டோபரில்தான் திறந்தது. இடைப்பட்ட வருஷங்களில் நோயாளிகள் பழைய கட்டடங்களிலேயே படுத்திருந்தார்கள்.

மிச்ச வேலைக்கு ஏன் அவ்வளவு விலை என்று கேட்கிற உரிமையாளர்களுக்கு நான் லிவர்பூலைத்தான் சொல்வேன். புதிய காண்ட்ராக்டர் கூட்டிக் கேட்பது பேராசையால் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் இடத்தில் நின்று பாருங்கள். இன்னொருவர் போட்ட கான்கிரீட்டின் மேல் அவர் கட்ட வேண்டும். உள்ளே கம்பி எத்தனை இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. சுவருக்குள் ஓடுகிற குழாய் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாது. நாளைக்கு ஒரு வெடிப்பு வந்தால் அது பழையவர் வேலையா தன் வேலையா என்ற வாதம் வரும். வாட்டர்ப்ரூஃபிங்கில் பாதி பழையவருடையது, பாதி தன்னுடையது என்றால், ஒழுகும்போது மொத்தத்துக்கும் கேரண்டி தர எந்தக் காண்ட்ராக்டரும் சம்மதிக்க மாட்டார். லிஃப்ட், ஏசி போன்றவற்றின் வாரண்டி பழையவர் மூலமாக வந்தது. அதை உரிமையாளர் பெயருக்கு மாற்றி வாங்காவிட்டால் அதுவும் போச்சு. இந்தத் தெரியாமை ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தொகை போட்டே ஆக வேண்டும். அந்தத் தொகையைக் குறைக்க ஒரே வழி, தெரியாததைத் தெரிந்ததாக்கிக் கொடுப்பது.

அரசுத் திட்டங்களிலும் இதே கதைதான், தொகை மட்டும் பெரிசு. ஹட்சன் ஆற்றின் அடியில் புது ரயில் சுரங்கம் போட 2009-இல் தொடங்கிய ஆர்க் திட்டத்தை, செலவு கட்டுப்படியாகாது என்று நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 2010 அக்டோபரில் நிறுத்தினார். அதுவரை சொல்லிவந்த அதிகாரபூர்வ மதிப்பீடு 870 கோடி டாலர். பின்னாளில் அதே ஆற்றின் அடியில் வேறு பெயரில், வேறு வடிவில் எடுத்துக்கொண்ட சுரங்கத் திட்டத்தின் மதிப்பீடு சுமார் 1,600 கோடி டாலர். நிறுத்தியது தவறு என்று இந்த இரண்டு எண்ணை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தேவை அப்படியே இருக்கும்போது, நிறுத்திய வேலை ஒருநாள் புது விலையில் திரும்பி வரும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

ஒப்பந்தத்தைப் பாதியில் முடிக்கவே கூடாதா என்றால், அப்படி இல்லை. காண்ட்ராக்டர் ஆட்களோடு காணாமல் போய்விட்டார், பாதுகாப்பு விஷயத்தில் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை, டெஸ்ட் ரிப்போர்ட்டில் பொய் எழுதினார் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வெறும் தாமதம், பேச்சுவார்த்தை முறிந்த கோபம் என்றால் வேறு வழிகளை முதலில் பார்க்கலாம். அவரால் முடியாத ஒரு பகுதியை மட்டும் இருதரப்புச் சம்மதத்தோடு பிரித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அவர் கையில் பணம் சுழலாததுதான் பிரச்சினை என்றால், சம்மதம் வாங்கி சப்ளையர்களுக்கு உரிமையாளரே நேராகப் பணம் கொடுக்கலாம். ஒரு தளத்தை முடித்து, மேலே மூடி, அந்தக் கட்டத்தில் பேசிப் பிரியலாம். கட்டடத்துக்கு நல்ல நிறுத்தங்கள் உண்டு, மோசமான நிறுத்தங்களும் உண்டு. ராஃப்ட் போட்டு மேலே பாரம் வராத கட்டம் மிக மோசமானது. பேஸ்மென்ட் மூடி, தரைத்தளம் போட்டு, பம்பை நிறுத்தலாம் என்று டிசைனர் கையெழுத்துப் போட்ட கட்டம் நல்லது. இரண்டுக்கும் நடுவே சில மாதம்தான் இருக்கும், அதைக் காத்திருந்து கடப்பது பெரும்பாலும் லாபம்.

சரி, முடித்தே ஆக வேண்டும் என்றால், கூட்டு அளவெடுப்புதான் எல்லாவற்றிலும் முக்கியம். கடிதம் கொடுத்த அன்றே, கேட்டைப் பூட்டுவதற்குப் பதிலாக, இரண்டு தரப்பும் சேர்ந்து நடக்க வேண்டும். தளம் தளமாக, அறை அறையாக. முடிந்தது, பாதி, தொடவில்லை என்று பிரித்து எழுதி, அங்கேயே இருவரும் கையெழுத்து. சுவர் மறைத்துவிடப்போகிற வேலைகளை முதலில் அளக்க வேண்டும், புதியவர் வந்தால் அவை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஸ்டாக்கில் கிடக்கிற சிமென்ட் மூட்டை, கம்பிக் கட்டு, பலகை எல்லாவற்றையும் எண்ணி, எது யாருடையது, எதற்குப் பணம் கொடுத்தாயிற்று என்று எழுத வேண்டும். போட்டோ எடுக்கும்போது, வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டுகிற கிரிட் லைன் எண்ணை ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத தூண் போட்டோ ஆயிரம் இருந்தாலும் ஆர்பிட்ரேஷனில் (நடுவர் விசாரணையில்) ஒன்றுக்கும் உதவாது. காண்ட்ராக்டர் வர மறுத்தால், வரச்சொல்லி எழுதிய கடிதத்தையும் வராத நாளையும் பதிவுசெய்துவிட்டு, இரு தரப்பையும் சேராத ஒருவரை வைத்து அளந்துகொள்ள வேண்டும்.

அளவோடு சேர்த்துக் காகிதங்களையும் கேட்டு வாங்குங்கள். கான்கிரீட்டின் பலத்தைச் சோதித்த கியூப் டெஸ்ட் ரெஜிஸ்டர், கான்கிரீட் போட்ட தேதிப் பட்டியல், கம்பி ஆலையின் சான்றிதழ்கள், அஸ்திவாரத்துக்காக நிலத்துக்குள் இறக்கிய தூண்களின் (பைல்) பதிவேடு, கடைசியாகத் திருத்திய வரைபடங்கள், சப் காண்ட்ராக்டர்களின் பட்டியல், யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு. இவை காண்ட்ராக்டரின் சைட் ஆபீஸ் அலமாரியில்தான் இருக்கும். உறவு கெட்டபிறகு கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் பாதிதான் கிடைக்கும். அதனால் வேலை ஒழுங்காக நடக்கிற மாதங்களிலேயே ஒவ்வொரு பில்லோடும் ஒரு நகல் வாங்கிவைக்கும் வழக்கத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். புதிய வேலைக்கு ஒப்பந்தம் தயார்செய்து கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பில் பிரிவில் அந்த ஒரு வரியை இன்றைக்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு, வேலை நின்றால் பம்ப், முட்டு, ஷோரிங், இன்சூரன்ஸ் இந்த நான்கையும் யார், எத்தனை நாளைக்கு, யார் செலவில் பார்ப்பது என்றும் ஒரு பத்தி.